கைகளுக்குக் கூலியும் பெயரும் கேட்ட கமலாதேவி

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு, இன்றைய மாணவிகள் அறிந்திருக்க வேண்டிய ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். நான் வைத்தியராக இருப்பதால் வைத்தியத்துறையில் சாதித்த பெண் ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் தெரிந்தெடுத்ததோ இந்தியாவின் கைப்பணிகளுக்கு மறுவாழ்வு கொடுத்த கமலாதேவி சட்டோபாத்யாயாவை. அதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு.

சில வருடங்களுக்கு முன் கிளினிக்குக்கு ஐம்பது வயது கடந்த ஒரு அம்மா வந்தார். இரவில் விரல்கள் விறைத்துப் போகின்றன, காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவும் முடியவில்லை என்றார். என்ன தொழில் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, வீட்டில் சும்மாதான் இருப்பதாகச் சொன்னார். நானும் அட்டையில் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். பிறகு மணிக்கட்டைப் பரிசோதிக்கக் கையைப் பிடித்தபோதுதான் நகக்கண்களில் ஊறியிருந்த சிவப்புச் சாயத்தைக் கண்டேன். முப்பது வருடங்களாகப் பன்பாய் இழைக்கிறார். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளை அந்தப் பாய்களை விற்றே படிப்பித்திருக்கிறார். அவருடைய நரம்பு நெரிவதற்குக் காரணமே அந்த வேலைதான். அவர் அதைத் தொழில் என்று சொல்லவில்லை, நானும் கேட்டறியவில்லை.

பழுகாமத்தில் பிறந்து, பன்பாயில் படுத்து வளர்ந்தவள் நான். என் அம்மம்மாவும் பாய் இழைத்தவர்தான். அப்படியிருந்தும் என் பேனா அந்தக் கோட்டை இழுத்தது. அந்தக் கோட்டை அழிப்பதற்கே தன் வாழ்நாளின் பாதியைச் செலவிட்ட ஒரு பெண் இருந்தார் என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன். அவர் கதையைத்தான் இங்கே சொல்கிறேன்.

தாயிடமிருந்து கற்ற பாடம்

கமலாதேவி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி, இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள மங்களூரில் பிறந்தார். தந்தை அனந்தையா தாரேஷ்வர் மாவட்டக் கலெக்டராக இருந்தவர். தாய் கிரிஜாபாய் படித்தவர், துணிவுள்ளவர். வீட்டுக்கு அக்காலத்துத் தேசியத் தலைவர்கள் பலர் வந்து போவார்கள். ஆனால் கமலாதேவிக்கு ஏழு வயதாக இருந்தபோது தந்தை உயில் எழுதாமலே இறந்துவிட்டார். சொத்து முழுவதும் அன்றைய சட்டப்படி மூத்த தாரத்து மகனுக்குப் போனது. கிரிஜாபாய்க்குக் கிடைத்தது மாதாந்தச் செலவுப் பணத்துக்கான உரிமை மட்டுமே. அதை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, தன் பிறந்த வீட்டுச் சொத்தைக் கொண்டே மகளை வளர்த்தார்.

எங்கள் மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும். குடியும் தாய்வழியிலேயே எண்ணப்படும். அந்த வழக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு, ஒரு மரணத்தால் தாயும் மகளும் ஒரே நாளில் வீடற்றவர்களாவது விளங்குவது கடினம். கமலாதேவிக்கு அது ஏழு வயதிலேயே விளங்கியது. பெண்ணின் கையில் அவளுக்கென்று ஒரு வருமானம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

பதினான்கு வயதில் அவருக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். இரண்டு வருடங்களுக்குள் கணவர் இறந்துபோனார். விதவைப் பெண்ணை வீட்டின் ஒரு மூலைக்குள் அடைத்துவைத்த காலம் அது. கிரிஜாபாய் மகளைப் படிக்க அனுப்பினார். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியில் படித்த நாட்களில் சரோஜினி நாயுடுவின் தங்கை அவருக்குத் தோழியானார். அவர்களுடைய சகோதரர் ஹரீந்திரநாத், கவிஞரும் நாடகக்காரருமாவார். விதவை மறுமணம் செய்வதா என்ற ஊரார் கண்டனத்தைப் பொருட்படுத்தாமல் கமலாதேவி அவரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். இருவரும் சேர்ந்து நாடகங்கள் நடித்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறக் கூடாது என்று கருதப்பட்ட நாட்களில் அவர் மேடையிலும் மௌனப்படத்திலும் தோன்றினார். பின்னாளில் அந்த மணவாழ்க்கை ஒத்துவராதபோது சட்டப்படி விலகவும் அவர் தயங்கவில்லை.

தேர்தலும் உப்பும்

லண்டனில் பெட்போர்ட் கல்லூரியில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தபோது காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் அவரைத் தாய்நாட்டுக்கு இழுத்தது. 1923இல் திரும்பி வந்து தொண்டர் படையில் சேர்ந்தார்.

1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் பெண்களும் போட்டியிடலாம் என்ற நிலை வந்தது. அயர்லாந்திலிருந்து வந்து இந்தியப் பெண்களின் உரிமைக்காக உழைத்த மார்கரெட் கசின்ஸ் தூண்ட, கமலாதேவி வேட்பாளராக நின்றார். இந்தியாவில் சட்டசபைத் தேர்தலில் போட்டியிட்ட முதற் பெண்களில் அவர் ஒருவர். ஆயத்தம் செய்ய நாட்களே இருக்கவில்லை. மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அதே காலத்தில் அந்தச் சபைக்கு நியமன உறுப்பினராகச் சென்றவர் வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி. 1927இல் அகில இந்திய மாதர் மாநாடு தோன்றியபோது அதன் அமைப்புச் செயலாளராகக் கமலாதேவி ஊர் ஊராகச் சென்றார். பெண்கல்வி, திருமண வயது, வேலை செய்யும் தாய்மாருக்குப் பிரசவ விடுமுறை என்று அவர் அன்று பேசியவை இன்று எங்கள் கிளினிக் சுவரொட்டிகளில் இருக்கின்றன.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. காந்தி முதலில் பெண்களை அதில் சேர்க்க விரும்பவில்லை. கமலாதேவி நேரிற் சென்று வாதாடினார். பிறகு பம்பாய்க் கடற்கரையில் சட்டத்தை மீறி உப்புக் காய்ச்சிய முதற் குழுவில் அவரும் இருந்தார். காய்ச்சிய உப்பைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டு, ஆண்கள் நிறைந்த பங்குச் சந்தைக்குள் நுழைந்து விற்றார். அதற்காகச் சிறை சென்றார். அது அவருடைய கடைசிச் சிறைவாசமும் அல்ல.

எங்கள் நாட்டுக்கு வந்தவர்

கமலாதேவி இலங்கைக்கும் வந்திருக்கிறார். 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் மாநாட்டில் கலந்துகொண்டார். பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமமாக வாக்குரிமை கிடைத்து இந்நாட்டில் முதல் பொதுத்தேர்தல் நடந்த ஆண்டு அது. முழுச் சுயராச்சியம் வேண்டும் என்ற வாலிபர் காங்கிரஸின் அழைப்பால் யாழ்ப்பாணத் தொகுதிகளில் அத்தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது.

1937இல் இடதுசாரித் தலைவர்களின் அழைப்பில் மீண்டும் வந்தார். அந்த வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டத்தில் பேசினார். அது அவருடைய முப்பத்து நான்காவது பிறந்தநாள். அதே மேடையில்தான் பிரேஸ்கேடில் என்ற இளம் வெள்ளைக்காரர் தொழிலாளர் பக்கம் நின்று பேசி, தோட்டத் துரைமாரின் கோபத்துக்கு ஆளானார். அவரை நாடுகடத்த அரசு முயன்றதும் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததும் எங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாக வரும். அந்த மேடையில் ஒரு பெண்ணும் இருந்தார் என்பதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

அகதிகள் கட்டிய நகரம்

1947இல் இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது, பிரிவினையும் வந்தது. கூடப் போராடியவர்கள் பலர் அமைச்சர்களாகவும் ஆளுநர்களாகவும் ஆனார்கள். கமலாதேவி பதவி தேடிப் போகவில்லை. அகதி முகாம்களுக்குப் போனார்.

1948இல் அவர் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினார். வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த ஏறத்தாழ 50,000 பேரை டெல்லிக்கு அருகே பரீதாபாத்தில் குடியமர்த்தும் பணியில் அந்த ஒன்றியம் இறங்கியது. கொந்தராத்துக்காரர்கள் வீடு கட்ட, அகதிகள் வரிசையில் நின்று அரிசி வாங்குவது என்பதே வழமையான முறை. அவர்கள் அதை மாற்றினார்கள். அகதிகளையே கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்த்து, கட்டட வேலையை அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். முன்பு கடைகளில் இருந்தவர்களும் மண் சுமக்கவும் கல் அரியவும் பழகினார்கள். நிவாரணம் வாங்கியவர்கள் சம்பளம் வாங்குபவர்களானார்கள். கூடவே பாடசாலையும் வைத்தியசாலையும் எழுந்தன.

இதை வாசித்தபோது எனக்கு 2007ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. படுவான்கரைச் சனங்கள் ஊர்களை விட்டு ஆற்றைக் கடந்து எழுவான்கரையில் கூடாரங்களில் இருந்த காலம். நான் அப்போது இளம் வைத்தியர். காய்ச்சலும் வயிற்றோட்டமும் பார்க்கப் போன இடத்தில் ஒரு மூதாட்டி எங்கிருந்தோ ஓலை தேடியெடுத்து வந்து பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, வாங்கவும் ஆளில்லை. சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் என்பதே அவர் சொன்ன காரணம். நான் கொடுத்த மாத்திரைகளை விட அந்த ஓலை அவருக்கு நல்ல மருந்தாக இருந்தது என்று இன்று நினைக்கிறேன். கமலாதேவி இதைத்தான் பரீதாபாத்தில் கண்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களிடமும் இழக்கப்படாத ஒன்று இருந்தது. அது கையிலிருந்த தொழில்.

கைப்பணிக்கு ஒரு சந்தை

1952இல் இந்திய அரசு அகில இந்தியக் கைவினைச் சபையை அமைத்து அவரைத் தலைவராக்கியது. ஏறத்தாழ இருபது வருடங்கள் அந்தப் பொறுப்பில் இருந்தார். இந்தியாவில் தொழிற்சாலைகளும் அணைக்கட்டுகளும்தான் முன்னேற்றம் என்று கருதப்பட்ட நாட்கள் அவை. தறியும் சக்கரமும் பழைய காலத்தின் மிச்சங்கள் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். கமலாதேவி வேறு கணக்குப் போட்டார். விவசாயத்துக்கு அடுத்தபடியாகக் கிராமத்துச் சனங்களின் வயிற்றை நிரப்புவது கைத்தொழில்தான். அதற்குப் பெரிய முதல் வேண்டாம். வீட்டு முற்றமே போதும். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆனால் மூலப்பொருளைக் கடனாகக் கொடுத்து, செய்த பொருளை அற்ப விலைக்கு எடுத்துச் செல்லும் இடைத்தரகர் நடுவில் நிற்கும்வரை செய்பவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

ஆகவே அவர் முதலில் சந்தையைச் சரிசெய்தார். டெல்லியில் இருந்த மத்திய குடிசைக் கைத்தொழில் விற்பனையகத்தைக் கூட்டுறவு ஒன்றியம் பொறுப்பேற்றது. நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்த பொருட்கள் அங்கே நல்ல வெளிச்சத்தில், கௌரவமான விலையில் வைக்கப்பட்டன. பயிற்சி நிலையங்களும் வடிவமைப்பு நிலையங்களும் எழுந்தன. பழைய பொருட்களைச் சேகரித்து, பிற்காலக் கலைஞர்கள் பார்த்துக் கற்க டெல்லியில் கைவினை நூதனசாலை உருவானது.

நடந்துபோகக்கூடிய தூரமெல்லாம் அவரே போய்ப் பார்த்தார். எங்கள் தேவாரங்களில் திருக்காளத்தி என்று வரும் சிறீகாளத்தியில் கலம்காரி என்ற துணி ஓவியம் உண்டு. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துக் கறுப்பு மை எடுப்பார்கள். மூங்கிற் குச்சியின் நுனியில் கம்பளி நூலைச் சுற்றிய பேனாவால் இராமாயண, பாரதக் கதைகளை வரைவார்கள். கடுக்காயிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேரும்போதுதான் கறுப்பு துணியில் நிலைத்து நிற்கிறது. இரசாயனம் படித்த எங்களுக்கு இது விளங்கும். பாடசாலைப் படியேறாதவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். 1950களில் அங்கே இந்தக் கலை தெரிந்த முதியவர்கள் சிலரே மிஞ்சியிருந்தார்கள். கைவினைச் சபை அங்கே ஒரு பயிற்சி நிலையத்தைத் திறந்து, அந்த முதியவர்களை ஆசிரியர்களாக்கி, இளைஞருக்கு உதவிப்பணம் கொடுத்துப் படிப்பித்தது. இன்று கலம்காரிச் சேலை கொழும்புக் கடையிலும் தொங்குகிறது. ஜெய்ப்பூரின் நீல மட்பாண்டமும் இப்படி மீட்கப்பட்டதுதான்.

சந்தைக்கு அடுத்தது பெயர். ஓவியருக்குப் பெயர் உண்டு. குயவருக்கு ஏன் இல்லை என்பதே அவருடைய கேள்வி. 1965 முதல் சிறந்த கைவினைஞர்களுக்கு ஆண்டுதோறும் தேசிய விருது வழங்கப்பட்டது. குனிந்தே வேலை செய்து பழகிய நெசவாளரும் கொல்லரும் நாட்டின் தலைவர் முன் நிமிர்ந்து நின்று பட்டயம் பெற்றார்கள். 1964இல் இந்தியக் கைவினைப் பேரவை சென்னையில் தொடங்கியது. அதே ஆண்டு நியூயோர்க்கில் உலகக் கைவினைப் பேரவை உருவானபோது அதன் முன்னோடிகளில் ஒருவராகவும் அவர் இருந்தார்.

நாடகத்தையும் அவர் விடவில்லை. 1944இல் இந்திய தேசிய நாடக அமைப்பைத் தொடங்கியவர், பொம்மலாட்டம் முதலிய கிராமியக் கலைகளைக் கைவினைகளுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார். எங்களூரிலும் கூத்து என்றால் அண்ணாவியாரும் மத்தளமும் மட்டுமல்ல. முடியும் உடுப்பும் கட்டும் கைகளும் சேர்ந்ததுதான் களரி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவர்களைக் கொண்டு எங்கள் வடமோடிக் கூத்தை நகர மேடையில் ஏற்றிய பிறகே, அது படித்தவர்கள் கண்ணிலும் கலையானது. அயல்நாட்டில் கமலாதேவி செய்துகொண்டிருந்ததும் அதுவே.

1955இல் பத்மபூஷண், 1966இல் மக்சேசே விருது, 1987இல் பத்மவிபூஷண் என்று கௌரவங்கள் வந்தன. எண்பது வயதுக்குப் பிறகும் எழுதினார். 1986இல் தன்வரலாற்றை வெளியிட்டார். 1988ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, 85ஆவது வயதில் பம்பாயில் காலமானார்.

எங்களுக்கு உரியது

அவர் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இந்தியாவிலும் இடைத்தரகர் போய்விடவில்லை. நெசவாளரின் பிள்ளைகள் தறியை விட்டு நகரத்துக்குப் போகிறார்கள். எங்கள் நிலையும் அதுதான். போருக்குப் பிறகு கணவரை இழந்த பெண்களுக்குக் கைப்பணிப் பயிற்சிகள் பல நடந்தன. பயிற்சி முடிந்தது, சான்றிதழ் கிடைத்தது. வாங்குவதற்கு ஆள்தான் வரவில்லை. முதலில் சந்தை என்ற கமலாதேவியின் பாடத்தை நாங்கள் கடைசிக்குத் தள்ளிவிட்டோம்.

நான் படித்த நாட்களையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் விஞ்ஞானம் படிப்பது, படிப்பு ஏறாதவர்கள் கைப்பணி செய்வது என்று நாங்களே பிரித்து வைத்திருந்தோம். தையல் வகுப்பில் மிக நுணுக்கமாகத் தைத்த என் தோழி, தன்னை மக்கு என்றே நம்பிக்கொண்டு பாடசாலையை விட்டுப் போனாள். பல வருடங்களின் பின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நான் தையல் போடப் பழகியபோது கை நடுங்கியது. அப்போது அவள் ஞாபகந்தான் வந்தது. அவளுடைய கை நடுங்கியதேயில்லை.

தங்கைமாருக்கு நான் சொல்ல விரும்புவது, எல்லோரும் பாய் இழைக்க வேண்டும் என்பதல்ல. வைத்தியராகுங்கள், பொறியியலாளராகுங்கள். ஆனால் உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ செய்யும் வேலையைச் சும்மா இருப்பது என்று எழுதாதீர்கள். எங்கள் சங்கத்திடம் கேட்பதும் சிறியதுதான். நூற்றாண்டு விழாவுக்கு வருவோருக்குக் கொடுக்கும் நினைவுப் பரிசைக் கொழும்பில் ஓடர் கொடுக்காமல், எங்கள் பகுதிப் பெண்களிடம் பன்னிலும் ஓலையிலும் செய்விப்போம். பேரம் பேசாமல் விலை கொடுப்போம். ஒவ்வொன்றிலும் அதைச் செய்தவரின் பெயரை எழுதி ஒட்டுவோம்.

அந்த அம்மா ஒரு மாதம் கழித்து மறுபடி கிளினிக்குக்கு வந்தார். இரவில் மணிக்கட்டுக்குப் பட்டி கட்டியதில் விறைப்புக் குறைந்திருந்தது. இடையிடையே எழுந்து கையை ஆறவிட்டு இழைக்கும்படி சொன்னேன். அட்டையை எடுத்து, நான் இழுத்த கோட்டை வெட்டிவிட்டு, அதன் மேல் பாய் இழைப்பவர் என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, அடுத்த முறை வரும்போது எனக்கு ஒரு பாய் கொண்டு வருவதாகச் சொன்னார். விலையைச் சொன்னால்தான் வாங்குவேன் என்றேன். சிரித்துக்கொண்டே விலையைச் சொல்லிவிட்டுப் போனார்.